ரெடிஸ் பப்-சப்: ஒரு சர்வரில் நடந்ததை மற்ற சர்வர்களுக்குச் சொல்வது எப்படி

ஒரே சர்வர் இருக்கும்வரை இந்தத் தலைவலி வராது. ஆன்லைன் கடை ஒன்றின் பின்னால் நோட்.ஜேஎஸ் புரோகிராம் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தன் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் திரையைத் திறந்து வைத்திருக்கிறார். அவருடைய வெப்சாக்கெட் (உலாவிக்கும் சர்வருக்கும் நடுவில் திறந்தே இருக்கும்) இணைப்பு அந்தப் புரோகிராமின் நினைவகத்திலேயே இருக்கிறது. கிடங்கில் ஒருவர் ‘அனுப்பியாயிற்று’ என்ற பொத்தானை அழுத்தியதும் அதே புரோகிராம் அந்த இணைப்பைத் தேடி எடுத்துச் செய்தியைத் தள்ளிவிடுகிறது.

கூட்டம் பெருகி, கோரிக்கைகளைப் பிரித்துவிடும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்களை நிறுத்தியதும் கதை மாறிவிடும். வாடிக்கையாளரின் இணைப்பு 2-ஆம் சர்வரில் இருக்கிறது. கிடங்கின் கோரிக்கை போய் விழுந்ததோ 4-ஆம் சர்வரில். வாடிக்கையாளர் யாரென்றே 4-க்குத் தெரியாது. திரை அப்படியே நிற்கிறது, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால்தான் சரியாகிறது. சோதனைச் சூழலில் ஒரே சர்வர் ஓடுவதால் அங்கே இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

இதற்குப் பலரும் கையில் எடுப்பது, தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளமான ரெடிஸின் பப்-சப் (பப்ளிஷ்-சப்ஸ்கிரைப்). அனுப்புகிறவர் ஒரு சேனலில் செய்தியைப் போடுவார். அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது போகும். யார் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்பதெல்லாம் அனுப்புகிறவருக்கு வேண்டாத விஷயம். ரெடிஸில் இந்த வசதி 2.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ரெடிஸின் உரிமம் 2024 மார்ச்சில் மாறியபோது அதிலிருந்து பிரிந்து வந்த வால்கீயிலும் இதே கட்டளைகள்தான். கீழே கட்டளைப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு கேள்வி

ரெடிஸ் பப்-சப் என்பது தண்டோரா. பறை அடித்துச் சொல்லும் நேரத்தில் தெருவில் இருந்தவர் காதில் விழும். வெளியூர் போனவர் திரும்பி வந்து கேட்டால் எதுவும் கிடைக்காது. ரெடிஸ் இந்தச் செய்திகளை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கேட்பவர் இல்லையென்றால் செய்தி அந்த நொடியிலேயே காணாமல் போகும், பிழை என்று ஒன்றும் வராது. அதிகபட்சம் ஒருமுறை போய்ச் சேரும், சேராமலும் போகலாம். தரப்படும் உத்தரவாதம் அவ்வளவுதான்.

ஆகவே புரோகிராமின் கோடு (code) எழுதும் முன் ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்து வைத்து, ‘இது ஒருவருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். நம் கடையில் ஆர்டர் நிலை மாறியதைத் திரையில் காட்டும் செய்தி தொலைந்தால் அடுத்த ரீஃப்ரெஷில் சரியாகிவிடும், பப்-சப் போதும். பொருளின் விலை மாறியதும் எல்லா சர்வர்களிலும் கேஷை (வேகத்துக்காக எடுத்து வைத்த நகலை) அழிக்கச் சொல்லும் செய்திக்கும் போதும், ஆனால் கேஷுக்கு 60 வினாடி போல ஓர் ஆயுளும் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால், செய்தி தவறினாலும் பழைய விலை ஒரு நிமிடத்துக்கு மேல் தங்காது. பில் மின்னஞ்சலும் சரக்கிருப்புக் கழிப்பும் தொலைந்தாலோ பணமும் பேரும் போகும். அவற்றுக்குப் பப்-சப் கூடாது. செய்தியை எழுதி வைக்கும் ரெடிஸ் ஸ்ட்ரீம் (8-ஆம் படி) அல்லது வேறொரு செய்தி வரிசை வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே சேனலில் கொட்டுவதுதான் பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம்.

படி 1: கையால் ஒருமுறை செய்து பாருங்கள்

நிரல் நூலகம் எதையும் தொடும் முன், இரண்டு டெர்மினல்களில் ரெடிஸுக்குக் கட்டளை தட்டும் கருவியான ரெடிஸ்-சிஎல்ஐயைத் திறவுங்கள். முதலாவதில் சப்ஸ்கிரைப் என்று தட்டிச் சேனல் பெயரைக் கொடுங்கள். உடனே மூன்று உறுப்புள்ள பதில் வரும்: சந்தா பதிவானது என்ற குறிப்பு, சேனலின் பெயர், இந்த இணைப்பு இதுவரை எத்தனை சேனல்களைக் கேட்கிறது என்ற எண். இரண்டாவது டெர்மினலில் பப்ளிஷ், சேனல் பெயர், செய்தி என்று கொடுங்கள். திரும்பி வரும் எண், செய்தியைப் பெற்ற இணைப்புகளின் எண்ணிக்கை.

அந்த எண் 0 என்று வந்தால் யாரும் கேட்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் எழுத்துப்பிழைதான்: சேனலை முன்கூட்டியே உருவாக்க வேண்டியதில்லை என்பதால், தப்பான பெயருக்கு அனுப்பினாலும் ரெடிஸ் வாய் திறக்காது. மறுபக்கம், 3 என்று வந்ததால் மூன்று சர்வர்களும் வேலையை முடித்துவிட்டன என்று நினைக்கவும் வேண்டாம். மூன்று இணைப்புகளின் வெளியேறு இடையகத்தில் (அனுப்பக் காத்திருக்கும் இடத்தில்) செய்தி வைக்கப்பட்டது, அவ்வளவே. அதை எண்ணி முடிவெடுக்கும் தர்க்கத்தை எங்கும் எழுதாதீர்கள்.

சேனலின் பெயர் ரெடிஸுக்கு வெறும் பைட்டுகள். தமிழிலேயே பெயர் வைத்தாலும் ஓடும். சிஎல்ஐ மட்டும் அதைச் சாய்கோடும் எண்களுமாகக் காட்டும். இரண்டு சிறு கோடு போட்டு ‘ரா’ (--raw) என்ற விருப்பத்தோடு தொடங்கினால் எழுத்துகள் சரியாகத் தெரியும்.

படி 2: சேனலின் பெயரும் செய்தியின் உடலும்

பெயரில் சூழலைச் சேருங்கள்: கடை:நேரலை:ஆர்டர்:4512, கடை:சோதனை:ஆர்டர்:4512. காரணம் இருக்கிறது. ரெடிஸில் 0, 1, 2 என்று தரவுத்தள எண்கள் உண்டு. சாவிகள் (தரவைச் சேமிக்கும் பெயர்கள்) அவற்றுக்குள் பிரிந்து நிற்கும். பப்-சப் அந்த எண்களைப் பொருட்படுத்துவதே இல்லை. 10-ஆம் எண்ணில் நின்று அனுப்பியது 1-ஆம் எண்ணில் நிற்பவருக்கும் கேட்கும். ஒரே ரெடிஸில் சோதனையையும் நேரலையையும் எண்ணால் மட்டும் பிரித்து வைத்திருக்கும் இடங்களில், சோதனை ஆர்டரின் அறிவிப்பு நிஜ வாடிக்கையாளரின் திரையில் முளைப்பது இப்படித்தான்.

உடலை ஜேசனாக (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) வையுங்கள். குறைந்தது ஐந்து தகவல் வேண்டும்: நிகழ்வுக்கான தனி அடையாள எண், நிகழ்வின் வகை, அந்த ஆர்டரின் பதிப்பு எண், நேரம், செய்தியின் வடிவம் எத்தனையாவது என்ற எண். பதிப்பு எண் என்பது தரவுத்தளத்தின் ஆர்டர் அட்டவணையில் ஒரு நெடுவரிசை. ஆர்டர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். இதன் அருமை 5-ஆம் படியில் தெரியும். ஆர்டரின் முழு விவரத்தையும் செய்தியில் திணிக்க வேண்டாம். சில கிலோபைட்டுக்குள் நிறுத்துங்கள். படங்களையோ பிடிஎஃப்பையோ பேஸ்64-ஆக்கி (எழுத்துகளாக மாற்றி) அனுப்புவது, பின்னால் சொல்லப்போகும் இடையக வெடிப்புக்கு நேர்வழி.

படி 3: கேட்பதற்குத் தனி இணைப்பு

பழைய நெறிமுறையான ரெஸ்ப்2-இல், ஓர் இணைப்பு சப்ஸ்கிரைப் செய்துவிட்டால் அதன்பின் சந்தா சம்பந்தப்பட்ட கட்டளைகளையும் பிங், ரீசெட், க்விட் ஆகியவற்றையும் மட்டுமே ஏற்கும். அதே இணைப்பில் கெட், செட் என்று போனால் பிழை வரும். ரெஸ்ப்3-இல் இந்தத் தடை இல்லை. இருந்தாலும் தனி இணைப்பே நல்லது. கேட்கும் இணைப்பு அறுந்து ஒட்டும்போது மற்ற வேலைகள் பாதிக்கக்கூடாது.

நோட்-ரெடிஸ் நூலகத்தில் இருக்கும் கிளையன்ட்டின் மேல் டூப்ளிகேட் என்ற செயற்கூற்றை (function) அழைத்து, கனெக்ட் செய்து, அதில் மட்டும் சப்ஸ்கிரைப் செய்யுங்கள். ஒரு புரோகிராமுக்கு ஒரு கேட்கும் இணைப்பு போதும்; ஆயிரம் சேனல்களையும் அதிலேயே கேட்கலாம். வரும் ஒவ்வொரு வெப்சாக்கெட்டுக்கும் ஒரு ரெடிஸ் இணைப்பு திறப்பது தவறு. ஐயாயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் இணைப்பு. ரெடிஸின் இயல்பான உச்ச வரம்பு 10,000.

இரண்டு கிளையன்ட்டுகளிலும் ‘எரர்’ நிகழ்வுக்குக் கையாளி (அது நடந்தால் ஓடும் கோடு) போடுங்கள். போடாவிட்டால் வலையமைப்பு ஒரு நொடி விக்கினாலும் நோட் புரோகிராமே விழுந்துவிடும். செய்தியைப் பிரிக்கும் ஜேசன் பார்ஸை பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்சுக்குள் வையுங்கள். யாரோ ஒருவர் சிஎல்ஐயிலிருந்து ‘டெஸ்ட்’ என்று அனுப்பிய ஒரு சொல், நான்கு சர்வர்களையும் ஒரே நேரத்தில் சாய்த்துவிடும், எல்லோரும்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பைத்தானின் ரெடிஸ்-பையில் பப்சப் பொருள் தானாகவே தனி இணைப்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் சந்தா உறுதியானதைச் சொல்லும் பதிலும் அதே வரிசையில் செய்தி போலவே வரும். வகை ‘மெசேஜ்’ என்று இருப்பதை மட்டும் கையாளுங்கள்.

படி 4: எப்போது அனுப்புவது

தரவுத்தளப் பரிவர்த்தனை கமிட் ஆன (மாற்றம் நிரந்தரமாகப் பதிவான) பிறகு. அதற்கு ஒரு மில்லிநொடி முன்னால்கூட வேண்டாம்.

பரிவர்த்தனைக்கு உள்ளேயே பப்ளிஷ் செய்தால் நடப்பது இது: செய்தி மில்லிநொடிக்குள் 2-ஆம் சர்வருக்குப் போய்விடுகிறது. அது ஆர்டரைத் தரவுத்தளத்தில் படிக்கிறது. 4-ஆம் சர்வரின் கமிட் இன்னும் முடியாததால் பழைய நிலையே கிடைக்கிறது. அதைத் திரைக்கும் அனுப்பி, கேஷிலும் போட்டுவிடுகிறது. அடுத்த நொடி கமிட் ஆகிறது, ஆனால் இனி செய்தி வராது. இன்னும் மோசமான வகையும் உண்டு: பரிவர்த்தனை ரோல்பேக் ஆகி மாற்றம் கைவிடப்பட்டுவிட்டது, ‘ஆர்டர் உறுதி’ என்ற செய்தி மட்டும் ஊர் சுற்றுகிறது. உங்கள் மடிக்கணினியில் இதைப் பிடிப்பது கடினம், எல்லாமே ஒரே இடத்தில் வேகமாக முடிந்துவிடும் என்பதால்.

கமிட்டுக்குப் பிறகு அனுப்பினாலும் ஓர் ஓட்டை இருக்கிறது: கமிட் முடிந்து, பப்ளிஷுக்கு முன் புரோகிராம் செத்தால் செய்தி போகாது. திரை அறிவிப்புக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதவற்றுக்கு 8-ஆம் படி.

படி 5: முதலில் கேள், பிறகு படி

இந்த வேலையில் அதிகம் தவறும் இடம் இதுதான். வாடிக்கையாளர் திரையைத் திறக்கிறார். இயல்பாக எழுதும் கோடு முதலில் தரவுத்தளத்தில் ஆர்டரைப் படிக்கும், திரைக்கு அனுப்பும், பிறகு சேனலைக் கேட்கத் தொடங்கும். படித்ததற்கும் கேட்கத் தொடங்கியதற்கும் நடுவில் 20 மில்லிநொடி. அதற்குள் வந்த மாற்றம் படித்ததிலும் இல்லை, கேட்டதிலும் இல்லை. நாளுக்கு நூறு ஆர்டர் உள்ள கடையில் இது மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலும், யாராலும் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத புகாராக வந்து நிற்கும்.

சரியான வரிசை:

1. சேனலை சப்ஸ்கிரைப் செய்து, உறுதிப் பதில் வரும்வரை காத்திருங்கள். கட்டளையை அனுப்பியது மட்டும் போதாது.
2. அந்த நொடியிலிருந்து வரும் செய்திகளைத் திரைக்கு விடாமல் ஒரு தற்காலிகப் பட்டியலில் சேருங்கள்.
3. தரவுத்தளத்தில் ஆர்டரைப் படியுங்கள். பதிப்பு 7 என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரைக்கு அனுப்புங்கள்.
4. பட்டியலில் பதிப்பு 7-ம் அதற்குக் கீழும் உள்ளவற்றை எறியுங்கள். 8 முதல் உள்ளவற்றை வரிசையாக விடுங்கள்.
5. இனி வருபவற்றை நேரடியாக விடலாம், ஒரு சோதனையோடு: கையில் 8 இருக்கும்போது 10 வந்தால் 9 தொலைந்திருக்கிறது. தரவுத்தளத்தை மறுபடி படியுங்கள்.

இந்த ஐந்தாவது வரியால் பப்-சப் செய்தி தொலைவது பெரிய விபத்தாக இல்லாமல் போகிறது. அடுத்த செய்தி வந்ததும் ஓட்டை தெரிந்துவிடும். கையாளியில் அவெய்ட் (பதிலுக்காகக் காத்திருக்கும் வரி) இருந்தால் வரும் இன்னொரு வம்புக்கும் இதே எண்தான் மருந்து. ஒரே இணைப்பு ஒரே சேனலுக்கு அனுப்பியவை அனுப்பிய வரிசையில்தான் வரும், ஆனால் நோட் முதல் செய்தியின் அவெய்ட் முடியும் முன்பே இரண்டாவதைத் தொடங்கிவிடும். இரண்டாவது முந்திக்கொண்டு, ‘சேர்ந்தது’ என்று காட்டிய திரை மறுபடி ‘வழியில்’ என்று பின்வாங்கும். கையில் உள்ளதைவிடச் சிறிய பதிப்பை எறியுங்கள், தீர்ந்தது.

தரவுத்தளத்துக்குப் படிப்பு நகல் வைத்திருப்பவர்கள் மூன்றாவது வரியை முதன்மைத் தரவுத்தளத்தில் படிக்க வேண்டும். நகல் அரை நொடி பின்தங்கியிருந்தால் ரெடிஸ் செய்தி அதை எளிதாக முந்திவிடும்.

படி 6: வெப்சாக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது

ஒவ்வொரு சர்வரும் சேனல் வாரியாக ஒரு பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளட்டும்: இந்த ஆர்டரை இங்கே எந்தெந்த வெப்சாக்கெட் பார்க்கிறது. முதல் ஆள் வந்ததும் ரெடிஸில் சப்ஸ்கிரைப், கடைசி ஆள் போனதும் அன்சப்ஸ்கிரைப். கணவன் கைபேசியிலும் மனைவி மடிக்கணினியிலும் ஒரே ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மூடியதற்காகச் சந்தாவை எடுத்துவிடக்கூடாது. எண்ணிக்கை 0 ஆனதும்தான்.

பிசப்ஸ்கிரைப் கொண்டு கடை:நேரலை:ஆர்டர்:* என்று நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் கேட்டுவிடலாமே என்று தோன்றும். சிறிய கடைக்கு அது சரி. ஆனால் எல்லா சர்வரும் எல்லாச் செய்தியையும் வாங்கி, பெரும்பாலானதைக் குப்பையில் போடும். ஒவ்வொரு பப்ளிஷுக்கும் ரெடிஸ் அதுவரை பதிவான வடிவங்கள் அத்தனையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் வடிவங்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் அனுப்புவதே மெதுவாகும். ஒரே இணைப்பில் நேர்ப் பெயரையும், அதோடு பொருந்தும் வடிவத்தையும் கேட்டால் ஒவ்வொரு செய்தியும் இருமுறை வரும். பிழையல்ல, ரெடிஸின் இயல்பே அது.

படி 7: ஓடத் தொடங்கிய பிறகு கெடுவது எது

*மெதுவாகக் கேட்பவர்.* ரெடிஸ் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு வெளியேறு இடையகம் வைத்திருக்கிறது. பப்-சப் கிளையன்ட்டுகளுக்கு அதன் இயல்பு வரம்பு 32 மெகாபைட். அல்லது 8 மெகாபைட்டுக்கு மேல் தொடர்ந்து 60 வினாடி. இரண்டில் எது நடந்தாலும் ரெடிஸ் அந்த இணைப்பை வெட்டிவிடும். 2 கிலோபைட் செய்தி என்றால் 32 மெகாபைட் என்பது 16,384 செய்தி. கேட்பவர் கொஞ்சம் தூங்கினாலும் நிறைந்துவிடக்கூடிய அளவுதான். ரெடிஸின் பதிவுக் கோப்பில் இடையக வரம்பைத் தாண்டியதால் கிளையன்ட் மூடப்படுகிறது என்ற வரி இருந்தால் இதுவே காரணம். வரம்பை உயர்த்துவது வலிநிவாரணி மாத்திரை மாதிரி. கையாளிக்குள் கனமான வேலை செய்வதை நிறுத்துங்கள்: செய்தியை வாங்கி உள்வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். கிளையன்ட் லிஸ்ட் கட்டளையில் வகை பப்சப் என்று வடிகட்டி, இடையகம் பிடித்திருக்கும் நினைவகத்தைக் காட்டும் ஓமெம் என்ற புலத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அது 0 ஆக இருக்க வேண்டும்.

*சத்தமில்லாமல் செத்த இணைப்பு.* இரவு முழுக்கச் செய்தி எதுவும் வராத சேனல். நடுவில் உள்ள ஃபயர்வாலோ முகவரி மாற்றும் நாட் கருவியோ அசையாத இணைப்பை மறந்துவிடுகிறது. அமேசானின் நாட் கேட்வே 350 வினாடி அசையாத இணைப்பைக் கைவிடும். அஸூர் லோட் பேலன்சரின் இயல்பு அளவு 4 நிமிடம். ரெடிஸின் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) இயல்பில் 300 வினாடி என்பதால் அமேசானில் தப்பிக்கலாம், அஸூரில் மாட்டலாம். கேட்கும் பக்கம் இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். காலையில் முதல் புகார் வரும். கீப்அலைவை 60 வினாடியாகக் குறைத்து, நோட்-ரெடிஸின் பிங் இடைவெளி அமைப்பையும் போடுங்கள். அதைவிட நம்பகமானது இதயத்துடிப்புச் சேனல்: 10 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி; 30 வினாடி கேட்காவிட்டால் இணைப்பை மூடித் திறக்க வேண்டும். அனுப்புவது, ரெடிஸ், கேட்பது என்ற முழு வழியையும் இது ஒன்றே சோதித்துவிடும்.

*மறு இணைப்பு.* நோட்-ரெடிஸும் ஐஓரெடிஸும் இணைப்பு திரும்பியதும் பழைய சேனல்களைத் தாமே மறுபடி கேட்கத் தொடங்கும். பல வழிகாட்டிகள் இதோடு விட்டுவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்துச் செய்திகள் போனது போனதுதான். இணைப்பு திரும்பியதும் அந்த சர்வரில் உள்ள எல்லாத் திரைகளுக்கும் தரவுத்தளத்தைப் படித்து நிலையைப் புதுப்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நொடியில் படித்தால் தரவுத்தளம் மூச்சுத் திணறும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வினாடிக்குள் ஏதாவது ஒரு தாமதம் கொடுத்துப் பரப்புங்கள்.

*உரிமைப் பிழை.* 6.2 பதிப்பிலிருந்து பயனர் வாரியாகச் சேனல்களுக்கும் அனுமதி வைக்கலாம். 7.0-இல் இயல்பு நிலை மாறியது: புதிதாக உருவாக்கும் பயனருக்கு எந்தச் சேனலும் திறந்திருக்காது. பதிப்பை உயர்த்திய அன்றே அனுமதி இல்லை என்ற பிழை வந்தால் பயனரின் விதியில் & குறிக்குப் பின் சேனல் வடிவத்தைச் சேருங்கள்.

படி 8: தொலையக் கூடாதவற்றுக்கு ஸ்ட்ரீம்

பில் மின்னஞ்சலுக்கு வருவோம். தண்டோரா போதாது, பதிவேடு வேண்டும். ரெடிஸ் 5.0-இல் வந்த ஸ்ட்ரீம் அந்தப் பதிவேடு: எக்ஸ்ஆட் கொண்டு எழுதினால் வரிசையாகத் தங்கும். அடையாளம் கொடுக்கும் இடத்தில் * போட்டால் மில்லிநொடி நேரமும் ஒரு தொடர் எண்ணும் சேர்ந்த அடையாளத்தை ரெடிஸே வைத்துக்கொள்ளும்.

மின்னஞ்சலுக்கு ஒரு குழு, சரக்கிருப்புக்கு ஒரு குழு என்று எக்ஸ்குரூப் கிரியேட் கொண்டு உருவாக்குங்கள். ஒவ்வொரு குழுவும் எல்லாச் செய்தியையும் பெறும். குழுவுக்குள் உள்ள வேலையாட்கள் (செய்தியை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்கள்) அவற்றைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தொடக்கப் புள்ளியில் கவனம்: $ கொடுத்தால் இனி வருபவை மட்டும், 0 கொடுத்தால் ஆதி முதல். அனுப்பும் பக்கத்தைக் காலையிலும் கேட்கும் பக்கத்தை மாலையிலும் நிறுவி, $ கொடுத்தால் பகல் முழுக்க வந்த ஆர்டர்களுக்கு மின்னஞ்சல் போகாது. குழு ஏற்கெனவே இருந்தால் பிஸிகுரூப் என்ற பிழை வரும். ஒவ்வொரு தொடக்கத்திலும் வருவதுதான், விட்டுவிடலாம்.

வேலையாள் செய்ய வேண்டியது: எக்ஸ்ரீட்குரூப், குழுவின் பெயர், தன் பெயர், ஒரு தடவைக்கு 50 செய்தி, காத்திருக்க 5000 மில்லிநொடி, > குறி. வேலை முடிந்ததும் எக்ஸ்அக் (XACK), அதாவது ‘முடித்துவிட்டேன்’ என்ற ஒப்புதல். வாங்கியும் அக் செய்யாதவை ‘நிலுவை’ப் பட்டியலில் நிற்கும். மறுதொடக்கம் ஆனதும் முதலில் > குறிக்குப் பதில் 0 கொடுத்துத் தன் நிலுவையை முடித்துவிட்டுத்தான் புதியவற்றுக்குப் போக வேண்டும். காத்திருந்து படிப்பதால் இதற்கும் தனி இணைப்பு.

வேலையாள் ஒரேயடியாகப் போய்விட்டால் அவருடைய நிலுவையை எக்ஸ்ஆட்டோகிளெய்ம் கொண்டு இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மில்லிநொடி அசையாதவற்றை எடுப்பது என்ற அளவு, உங்கள் வேலை பிடிக்கும் மிக நீண்ட நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் சேவை சில சமயம் 90 வினாடி இழுக்கும்போது நீங்கள் 60,000 என்று வைத்தால் உயிரோடு இருப்பவரின் வேலையையே பறித்து, ஒரே பில்லை இருமுறை அனுப்புவீர்கள். எக்ஸ்பெண்டிங் காட்டும் விநியோக எண்ணிக்கை 5-ஐத் தாண்டினால் அந்தச் செய்தியை வேறொரு ஸ்ட்ரீமில் ஒதுக்கி வைத்து, அக் செய்துவிட்டு, ஆளுக்குத் தகவல் சொல்லுங்கள். முகவரியே இல்லாத ஓர் ஆர்டர் வேலையாட்களை நாள் முழுக்கச் சுற்ற வைக்கக் கூடாது.

எப்படிச் செய்தாலும் ஸ்ட்ரீமில் செய்தி இருமுறை வரலாம். ஆகவே நிகழ்வின் அடையாள எண்ணுக்குத் தரவுத்தளத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடுள்ள ஓர் அட்டவணை வைத்து, சரக்கைக் கழிக்கும் அதே பரிவர்த்தனையில் அந்த எண்ணையும் எழுதுங்கள். எண் ஏற்கெனவே இருந்தால் பரிவர்த்தனை தோற்கும். அக் மட்டும் செய்துவிட்டு நகரலாம். மின்னஞ்சல் தரவுத்தளத்துக்கு வெளியே நடப்பதால் அதை இப்படிக் கட்ட முடியாது. எப்போதாவது இரட்டை மின்னஞ்சல் போகும்.

நீளத்துக்கு வரம்பு வையுங்கள்: எக்ஸ்ஆட்டில் மேக்ஸ்லென் ~ 100000. நிமிடத்துக்கு 20 நிகழ்வு என்றால் அது 5,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய மூன்றரை நாள். வெள்ளி மாலை மின்னஞ்சல் வேலையாள் நின்று திங்கள் காலை கவனித்தாலும் தாங்கும். நீண்ட பண்டிகை விடுமுறைக்குத் தாங்காது. வெட்டும்போது ரெடிஸ் இயல்பில் நிலுவையைப் பார்ப்பதில்லை, அக் ஆகாததையும் வெட்டிவிடும். மேக்ஸ்மெமரி கொள்கை ஆல்கீஸ்-எல்ஆர்யூ (நெடுநேரம் தொடாததை அழிப்பது) என்று இருந்தால் நினைவகம் நிறையும்போது முழு ஸ்ட்ரீமையுமே தூக்கி எறியலாம். கேஷுக்கும் ஸ்ட்ரீமுக்கும் ரெடிஸைத் தனித்தனியாக வைத்து, ஸ்ட்ரீம் உள்ளதில் எதையும் அழிக்காத நோஎவிக்‌ஷன் போடுங்கள். எழுதுவதையெல்லாம் வட்டில் குறித்து வைக்கும் அப்பெண்ட்ஒன்லி இயல்பில் அணைந்திருக்கும், அதையும் இயக்குங்கள். நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதும் எவ்ரிசெக் அமைப்பில் மின்சாரம் போனால் ஏறக்குறைய கடைசி ஒரு நொடி எழுத்துகள் போகலாம்.

4-ஆம் படியில் விட்ட ஓட்டை இன்னும் இருக்கிறது: கமிட் ஆகி, எக்ஸ்ஆட்டுக்கு முன் சாவு. இதற்கு ‘அவுட்பாக்ஸ்’ என்ற பழைய வழி. ஆர்டரை எழுதும் அதே பரிவர்த்தனையில் நிகழ்வையும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள்: அடையாளம், வகை, உடல், அனுப்பிய நேரம் காலியாக. தனி வேலையாள் ஒன்று நொடிக்கு ஒருமுறை காலியாக உள்ள 100 வரிசைகளைப் பூட்டி எடுத்து, எக்ஸ்ஆட் செய்து, நேரத்தை நிரப்பட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஸ்கிப் லாக்டு (பூட்டியதைத் தாண்டிப் போ) சேர்த்துப் பூட்டினால் இரண்டு வேலையாட்கள் ஒரே வரிசையில் மோத மாட்டார்கள். இதிலும் எக்ஸ்ஆட்டுக்கும் நேரத்தை நிரப்புவதற்கும் நடுவில் செத்தால் செய்தி இருமுறை போகும். மேலே சொன்ன தனித்தன்மை அட்டவணை அதைப் பிடித்துக்கொள்ளும்.

கிளஸ்டரும் மாற்று வழிகளும்

பல ரெடிஸ் சர்வர்கள் (கணுக்கள்) சேர்ந்து ஓடும் ரெடிஸ் கிளஸ்டரில் சாதாரண பப்ளிஷ் எல்லாக் கணுக்களுக்கும் பரவும். எந்தக் கணுவில் கேட்டாலும் வரும், ஆனால் கணுக்களைக் கூட்டினால் சுமை குறையாது, உள்வலையில் கூடும். பப்ளிஷ் திருப்பித் தரும் எண்ணும் அந்தக் கணுவில் உள்ளவர்களை மட்டுமே எண்ணும். 7.0-இல் வந்த எஸ்பப்ளிஷ், எஸ்சப்ஸ்கிரைப் இரண்டும் சேனலை அதற்குரிய ஸ்லாட்டோடு (கிளஸ்டரில் அதற்கு ஒதுக்கிய பங்கோடு) கட்டி, செய்தியை அந்தத் துண்டுக்குள் நிறுத்துகின்றன. ஒற்றை ரெடிஸ் போதும் என்கிற அளவில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டியதில்லை.

ரெடிஸே இல்லாமல் போஸ்ட்கிரெஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் அதன் லிசன், நோட்டிஃபை இரண்டையும் முதலில் பாருங்கள். நோட்டிஃபை கமிட் ஆனால்தான் போகும் என்பதால் 4-ஆம் படியின் வம்பு அங்கே இல்லை. உடல் 8,000 பைட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அடையாள எண்ணும் பதிப்பும் அனுப்ப அது தாராளம். இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரைப் பரிவர்த்தனை முறையில் வைத்திருந்தால் லிசன் ஓடாது. கேட்கும் இணைப்பை நேரே தரவுத்தளத்துக்குக் கொடுங்கள். நாள்கணக்கில் பழைய நிகழ்வுகளைத் திரும்ப ஓட்ட வேண்டும், பல அணிகள் ஒரே ஓட்டத்தைப் படிக்க வேண்டும் என்றால் காஃப்கா என்ற பெரிய நிகழ்வுப் பதிவேட்டு மென்பொருள். நான்கு சர்வர் உள்ள கடைக்கு அதைத் தூக்கி நிறுத்துவது, கொசு அடிக்கக் கோடரி.

நேரலைக்குப் போகும் முன் மூன்று ஒத்திகை

முதலாவது: கிளையன்ட் கில் கட்டளையில் வகை பப்சப் என்று கொடுத்து, கேட்கும் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே அடியில் வெட்டுங்கள். வெட்டியதற்கும் மறுபடி ஒட்டியதற்கும் நடுவில் ஓர் ஆர்டரின் நிலையை மாற்றுங்கள். 10 வினாடிக்குள் திரை தானாகச் சரியாக வேண்டும்.

இரண்டாவது: கேட்கும் புரோகிராமுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைத்து, சோதனைச் சேனலில் 2 கிலோபைட் செய்திகளை ஒரு சுழற்சியில் 30,000 முறை அனுப்புங்கள். ஓமெம் ஏறி, ரெடிஸ் இணைப்பை வெட்டுவதைப் பாருங்கள். பிறகு கன்டினியூ சிக்னல். புரோகிராம் எழுந்து, வெட்டப்பட்டதை உணர்ந்து, மறுபடி இணைந்து, தரவுத்தளத்தைப் படிக்க வேண்டும். எழுந்தும் அமைதியாகவே இருந்தால் 7-ஆம் படியின் இதயத்துடிப்பு சரியாகப் போடப்படவில்லை.

மூன்றாவது: மின்னஞ்சல் வேலையாள் 50 செய்தியை வாங்கி, பாதி வழியில் இருக்கும்போது சிக்னல் 9 கொண்டு கொல்லுங்கள். எக்ஸ்பெண்டிங் மீதியைக் காட்டும். புதிய வேலையாளைத் தொடங்கி, அந்த எண் 0-க்கு இறங்கும்வரை காத்திருங்கள். சோதனை அஞ்சல்பெட்டியில் 50 ஆர்டருக்கும் பில் வந்திருக்க வேண்டும். 51 இருந்தால் பரவாயில்லை, கொல்லப்பட்ட நொடியில் அனுப்பப்பட்டு அக் ஆகாத ஒன்று அது. 49 இருந்தால் வேலையை முடிக்கும் முன்பே அக் செய்யும் வரி கோடில் எங்கோ இருக்கிறது.